ஆறாம் நாற்காலியின் பெயர்

காப்பிக் கடையில் இரவல் வாங்கிய பேனாவைக் கடைக்கார அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்ட பிறகுதான் பிரேமளா நகர்வாள். “கொடுத்துட்டேன்க்கா. இப்ப உங்க கையில. சரியா?” அந்த அம்மா ‘சரி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெறும் தலையாட்டல் செல்லாது.

வயது நாற்பத்திரண்டு. பல வருடம் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவள், இப்போது மலேசியாவின் கோத்தா திங்கியில் ஒரு பல் மருத்துவரின் மாடியில் மேசை போட்டு நிரல் எழுதுகிறாள். ஒரு கணினி மொழியில் எழுதிய பழைய நிரலையும் வேறு மொழியில் எழுதிய புதியதையும் பேசவைப்பதே அவள் பிழைப்பு. அவை பொருளைக் கைமாற்றுவதில்லை. நினைவகத்தில் அது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் சொல்லிக்கொள்ளும். அந்த இடத்தைக் கடைசியில் யார் காலி செய்வது? இரண்டும் செய்தால் நிரல் செத்து விழும். எதுவும் செய்யாவிட்டால் நினைவகம் நிரம்பித் திணறும். ஒன்று காலி செய்ததை மற்றதற்குச் சொல்லாவிட்டாலோ?

“அதான் ரொம்ப மோசம்,” என்பாள் தாழ்ந்த குரலில். “உள்ள ஆளே இருக்காது. ஆனா கூப்பிட்டா பதில் வரும்.”

சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று அந்த ஊரில் உண்டு. அங்கே பன்னிரண்டு நாற்காலிகளுக்கு மேல் தொங்கும் திரைகள் அவள் எழுதியவை. இயந்திரத்தை முடுக்கியதும் திரை ஒளிரும். நிலையத்தின் பழைய நிரல் வைத்திருக்கும் பதிவைப் பார்த்து, உட்கார்ந்திருப்பவர் யார், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று காட்டும். சென்ற மாதம் ஒரு காலையில் அங்கிருந்து, எல்லாரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் தாதி மலர் அழைத்தாள்.

“அக்கா, ஆறாம் நாற்காலில தங்கராஜு அண்ணன் பேரு வருது.”

“அதுக்கென்ன?”

“அண்ணன் தவறிப் பதினெட்டு நாளாச்சுக்கா.”

பிரேமளா ஓடினாள். ஆறாம் நாற்காலியில் நாற்பத்தாறு கிலோ எடையுள்ள கிருஷ்ணம்மா சாய்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, பிசிறில்லாத நீல எழுத்தில் தங்கராஜு. நோயாளி எண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எந்த மொழியிலும் இல்லாத குறிகள் நெளிந்தன. நீர்: மூன்று லிட்டர் எண்ணூறு மில்லி. கிருஷ்ணம்மாவுக்கு எடுக்க வேண்டியது ஒன்றரை லிட்டர்தான். மலர் பெயரைப் படிக்காமல் அளவை மட்டும் பார்த்து இயந்திரத்தில் வைத்திருந்தால்!

“அலமாக், அய்யய்யோ! அண்ணன் எடத்த விடமாட்டேங்கிறாரு பாரு,” என்றார் கிருஷ்ணம்மா. “அவரு மடியிலயா உக்காந்திருக்கேன்?”

எதிர் நாற்காலிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“ரீஸ்டார்ட் பண்ணா போயிடும்லா?” என்றாள் மலர்.

“போயிடும். ஏன் வந்துச்சுன்னு தெரியாமலே போயிடும். அப்புறம் இன்னொரு நாளு வேற யாரு தலைக்கு மேலயாவது வரும். அன்னைக்கு நீங்க பேரைப் பாப்பீங்களா, மிஸ்ஸி? இன்னிக்கு எல்லாருக்கும் நோயாளித் தாளைப் பாத்து அளவு வைங்க. திரைய நம்பாதீங்க.”

மடிக்கணினியை மருந்துத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அவரு பேர எப்ப எடுத்தீங்க?”

“நேத்துதான். கருமாதி முடிஞ்சு அவரு சம்சாரம் ராசம்மாக்கா வந்தாங்க. ‘இனிமே அவரு பேர இங்க கூப்பிடாதீங்க’ன்னு அழுதாங்க. அதுவரைக்கும் அங்க யாரையும் உக்கார வைக்க மனசே வரலக்கா.”

பிரேமளாவின் விரல்கள் நின்றன. வழக்கமாக ஒருவர் போனால் அதே நிமிடம் காத்திருப்புப் பட்டியலிலிருந்து அடுத்தவர் பெயர் ஏறிவிடும். பழைய நிரல் ஓர் இடத்தைக் காலி செய்து, அந்த இடத்திலேயே புதியவரின் பதிவை வைத்துவிடும். நாற்காலிக்கு ஒரு முகவரி என்று முதல் நாள் வாங்கி வைத்துக்கொண்ட அவளுடைய திரை, மூன்று வருடமாக மறுபடி கேட்டதே இல்லை. தற்செயலாய் அது சரியாகவே இருந்தது. இந்த முறை நேற்று அழித்தார்கள், இன்றுதான் எழுதினார்கள். இடையில் வேறு பதிவுகள் வந்து போக, கிருஷ்ணம்மாவுக்கு வேறோர் இடம் கிடைத்தது. காலியான இடத்துக்கு யாரும் குடிவரவில்லை. அங்கே தங்கராஜு விட்டுப்போன பெயர் அப்படியே கிடந்தது. திரை போய்க் கூப்பிட்டது. பதில் வந்தது.

பிழை இவளுடையது. பிறர் எழுதிய நிரலில் ‘யார் காலி செய்வது?’ என்று கூசாமல் கேட்கும் கேள்வியை, தன் நிரலில் கேட்க மறந்தாள்.

இரண்டு மணி நேரம் தலை நிமிரவில்லை. இனி ஒவ்வொரு முறையும் முகவரியைப் புதிதாய்க் கேட்டு, படித்ததை உடனே தன்னிடம் பிரதியெடுத்துக்கொண்டு, பழையதை அக்கணமே மறந்துவிட வேண்டும். எழுதினாள். ஒவ்வொரு பதிவாக அழித்தும் சேர்த்தும் மடிக்கணினியில் சோதித்தாள். இனி ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்திப் புதியதைத் தொடங்குவதுதான் பாக்கி. நிறுத்தினால் அந்தப் பெயர் போய்விடும்.

“அழுத்துங்கக்கா,” என்றாள் மலர். “பயமா இருக்கு.”

கிருஷ்ணம்மாவும் கழுத்தை வளைத்துத் திரையைப் பார்த்தார்.

பிரேமளா விரலை விசைமேல் வைத்தாள். அண்ணாந்து திரையைப் பார்த்தாள். விரலை எடுத்துக்கொண்டாள். முக்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நின்றபடியே விசையை அழுத்தினாள்.