இஞ்ஞாசி அண்ணே வாயத் தெறக்காத ஞாயித்துக்கெழம

இஞ்ஞாசி அண்ணன உங்களுக்குத் தெரியாதுல்ல? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி ஏலம் விடுற ஆளு. அவரு தொண்டைக்கு மைக்கே வேணாம். ஒருதடவ ராங் நம்பர்ல வந்தவன்கிட்ட அரைமணி நேரம் பேசி, அவன் வீட்டுக் கல்யாணத்துக்கே போயிச் சாப்ட்டு வந்தாரு. சத்தியமா!

இப்பேர்ப்பட்டவரத்தான் எங்க சர்ச்சுப் பங்குச் சாமியார் நற்கருணைப் பணியாளரா ஆக்கிட்டாரு. பூசைக்கு வரமுடியாத நோயாளிங்க வீட்டுக்கு, பூசையில அப்பமாக் குடுக்குற நற்கருணைய எடுத்துட்டுப் போயிக் குடுக்குற வேல. சின்னச் சிமிழ்ல வச்சு, பைக்குள்ள போட்டு, கழுத்துல மாட்டி நெஞ்சோட அணைச்சுக் கொண்டு போகணும். "ஆண்டவரக் கொண்டு போற. வழியில நின்னு கத பேசாத"ன்னாரு சாமியார். அம்புட்டுதான். ஆனா அண்ணனுக்குத் தன்னப் பத்தித் தெரியுமே! ஒத்த வார்த்த விட்டா பின்னாடியே ஊர்க்கத பூரா வந்துரும். அதனால வீடு போயிச் சேர்ற வரைக்கும் வாயவே தெறக்குறதில்லன்னு முடிவு பண்ணிட்டாரு.

மொத ஞாயித்துக்கெழம போக வேண்டியது ஒரே வீடு, விளாங்குடில எங்க சூசை பெரியப்பா வீடுதான். முட்டி தேஞ்சு மாசக்கணக்கா கோயிலுக்குப் போகல. அன்னைக்கு ஆஸ்பத்திரில சேரணும், மறுநா ஆபரேஷன். ஆட்டோ வாசல்ல நிக்குது. பெரியப்பா நாற்காலிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ஆண்டவர வாங்காம வரமாட்டேன். அந்த ரூமுக்குள்ள நான் தனியாப் போகமாட்டேன்"ன்னு ஒரே அடம். பயம்ங்க, வேறென்ன! நான் மேசையில வெள்ளத் துணி விரிச்சு, மெழுகுவத்தி கொளுத்திட்டு, வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன்.

தெருமுனையில ரெண்டு வண்டி திரும்புச்சு. முன்னாடி இஞ்ஞாசி அண்ணே, செல மாதிரி. பின்னாடி கத்திக்கிட்டே வாராரு பூக்கடைக் காசிமாயன் அண்ணே. ரெண்டு பேரும் உசுருக்குசுரு. என்ன நடந்துச்சுன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுச்சு. சிக்னல்ல பாத்து, "மாப்ள, எம் மக காதுகுத்துக்கு வந்துரு"ன்னிருக்காரு காசிமாயன் அண்ணே. இஞ்ஞாசி அண்ணே தலைய மட்டும் ஆட்டிட்டு வண்டிய எடுத்துட்டாரு.

"பத்திரிக்கைய வீட்டுக்கு வந்து வைக்கலன்னு கோவமாடா? பெரிய கலெக்டரு! ஒன் வீட்டு விசேசத்துல நான் எல எடுக்கல? சாம்பார் வாளி தூக்கல? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"ன்னு வாசல் வரைக்கும் கத்துறாரு காசிமாயன் அண்ணே.

இஞ்ஞாசி அண்ணனுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. வாய் மட்டும் தெறக்கல! நேரா உள்ள வந்தாரு, சிமிழ மேசையில வச்சாரு, மண்டி போட்டாரு. திட்டிக்கிட்டே படியேறுன காசிமாயன் அண்ணே அதப் பாத்ததும் கப்சிப்புன்னு செருப்பக் கழட்டிட்டு நின்னுட்டாரு.

செபத்துக்குத்தான் மொதமொதல்ல வாயத் தெறந்தாரு இஞ்ஞாசி அண்ணே. "கிறிஸ்துவின் திருவுடல்." பெரியப்பா "ஆமென்"னு சொல்லி வாயில வாங்கிக்கிட்டாரு.

செபம் முடிஞ்சதும் காசிமாயன் அண்ணே மெல்ல, "ஏன்டா, இன்னைக்குப் பேசமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா பேசுனதா ஆயிருமே மாப்ள!"

"அதுல அப்பந்தான இருந்துச்சு?"

"பாக்கத்தான் அப்பம். ஆளு இயேசுசாமியே."

"ஒரு அடையாளத்துக்குச் சொல்றியா?"

"அடையாளத்துக்கெல்லாம் நான் வாய மூடுவேனா? வீட்டுல அவரு போட்டோ முன்னாடி எம்புட்டுப் பேசுறேன்! இது அவரேடா. கூடவே வந்தாரு."

காசிமாயன் அண்ணே தாடையச் சொறிஞ்சாரு. "அது சரி. நீயே வாய மூடிட்டேன்னா நெசமாவே வந்துதான் இருக்காரு." ஒடனே அவரு மூஞ்சி வெளுத்துருச்சு. "அப்ப நான் திட்டுனது?"

"பூராக் கேட்டாரு."

"இப்ப எங்கடா இருக்காரு?"

இஞ்ஞாசி அண்ணே பெரியப்பாவக் கையக் காட்டுனாரு. காசிமாயன் அண்ணே விறுவிறுன்னு போயி, பெரியப்பா நெஞ்சுக்கு நேராக் குனிஞ்சு, ரெண்டு கையையும் கூப்பி, "சாமி, நான் இவனத்தான் திட்டுனேன். ஒங்கள இல்ல"ன்னாரு.

பெரியப்பா சிரிச்ச சிரிப்புல நாற்காலியே ஆடுச்சு!

"மாப்ள, அந்தப் பக்கம் பிடி"ன்னாரு காசிமாயன் அண்ணே. ஆட்டோவுல ஏத்த, நாற்காலியோட பெரியப்பாவத் தூக்கிட்டாங்க. ஒருத்தர், "சாமி வருது, வழி விடுங்கய்யா"ன்னு தெருவே அதிரக் கத்துறாரு. இன்னொருத்தர் அடக்கி வச்சதப் பூராக் கொட்டுறாரு: காதுகுத்துக்குச் சமையல் யாரு, கெடா எத்தன, பந்திக்கு மொத ஆளா நான்தான் வருவேன். பேச்சு சொவாரசியத்துல படியில நாற்காலி ஒரு பக்கமாச் சாஞ்சுருச்சு.

"மெதுவாடா,"ன்னாரு பெரியப்பா. "ரெண்டு பேரு இருக்கோம்."