தாளில் இடமில்லாத பத்தி

சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவளைக் கணக்கக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தொற்று வந்த நாள் முதல், இறந்தவர்களை வயதுவாரியாகப் பிரித்து அட்டவணை போட்டு, கீழே கையெழுத்திடுவது அவள் வேலை. அறுபதுகளில் இருந்தவர்கள் தொண்ணூறு பேர்; எண்பதைத் தாண்டியவர்கள் நாற்பது பேர். பக்கத்திலேயே, ஊரில் அந்தந்த வயதுக்காரர்கள் மொத்தம் எத்தனை என்று இன்னொரு பத்தி: அறுபதுகளில் ஒன்பதாயிரம் பேர், எண்பதைத் தாண்டி எண்ணூறு பேர். அது இல்லாவிட்டால் அட்டவணையே பொய் சொல்லும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள்.

"தாள்ல இடம் பத்தலம்மா, எழுத்தும் பொடிசா இருக்கு" என்று அதிகாரி அந்தப் பத்தியைத்தான் தூக்கினார். அப்படியே அச்சடித்துத் தெருத்தெருவாக ஒட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தால், எண்பத்திரண்டு வயது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"பூங்காவுக்கு. உங்க ஆபீஸ் நோட்டீஸ் பாத்தேன். அறுபது வயசுக்காரனுங்கதான் கொத்துக்கொத்தா போறானுங்க. எங்க வயசுக்கு ஒண்ணும் பயமில்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வயசுல ஊர்ல இருக்கிறதே கொஞ்சம் பேருதான்பா! அதுல இருபது பேருக்கு ஒருத்தர் போயிட்டாங்க. அறுபதுல நூறு பேருக்கு ஒருத்தர்தான்."

"அதுல அப்படிப் போடலையே."

"நான் போட்டேன்பா!"

அப்பா நிதானமாக இன்னொரு செருப்பையும் மாட்டினார்.

"எங்க போட்ட? கீழ உன் கையெழுத்து மட்டும்தானே இருக்கு?"