ஏரிக்கரை மேடும் நாலு சிலிண்டரும்

1963 டிசம்பர் 9, திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் தூறிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. ராஜகிரிக் கோட்டை மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. தெருவில் குளிர், காற்று இல்லை. வீட்டிலிருந்து மெக்கானிக் கொட்டகை வரை முந்நூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தேன். சேற்றுக்குப் பயந்து சுற்றிப் போனதால் பதினொன்று கூடிவிட்டது.

அப்போது செஞ்சி கடைவீதியில் எனக்கு மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். தொண்டூர்க் களங்களில் வாங்கி, செஞ்சி வழியாகத் திண்டிவனத்தில் ஒரு எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். மில்காரர் அந்தப் பருவத்துச் சரக்கு முழுவதையும் என்னிடமே எடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை. தினமும் காலை பதினொரு மணிக்குள் இருபது மூட்டை மில் கதவைத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டாம் முறை தாமதமானால் சரக்கு வேறொரு வியாபாரிக்குப் போய்விடும். அந்த வேறொருவர் யார் என்பது எனக்குத் தெரியும். அவர் கடை என் கடைக்கு ஏழாவது கடை.

சரக்கு ஏற்ற ஒரு பிக்கப் வைத்திருந்தேன். யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. என் மனைவியின் தம்பிதான் அதை ஓட்டினான். அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் டிசம்பர் பிறந்ததும் வெடிப்பு விட்டுத் தண்ணீரையும் எண்ணெயையும் ஒன்றாகக் கக்கியது. இனி அதைத் தொட்டுப் பயனில்லை என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார்.

அவர் கொட்டகையில் விலைக்கு இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று நாலு சிலிண்டர், ஜீப்பிலிருந்து கழற்றியது. மற்றது ஆறு சிலிண்டர், பழையதற்கு அண்ணன் மாதிரி. இரண்டையும் மரக்கட்டைகள்மேல் ஏற்றி, மேலே பெட்ரோல் டப்பா கட்டித் தயாராக வைத்திருந்தார்.

"எது வேணும்னு இன்னிக்கு சொல்ட்டீங்கன்னா வியாழக்கெழம வண்டி ரோட்டுல நிக்கும், மொதலாளி."

"ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க."

"இன்னாத்துக்கு? ரெண்டும் ஓடும்."

"எப்படி ஓடுதுன்னு பாக்கணும்."

மச்சான் கொட்டகைத் தூணில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "காட்டுங்கண்ணே. பொண்ணு பாக்க வந்துக்கறாரு, பாட்டு கேக்காம போவாரா" என்றான்.

நாலு சிலிண்டர் கைப்பிடியின் மூன்றாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டர் ஏழு சுற்று கேட்டது. ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வாங்கி, ஓடுகிற எஞ்சின்மேல் வைத்தேன். சிறியதில் தண்ணீர் சிதறி, டம்ளரே நகர்ந்து விளிம்புக்கு வந்தது. பெரியதில் தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் மட்டும் விழுந்தன, ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. நாலு பேர் முறைவைத்துத் தள்ளுவதற்கும் ஆறு பேர் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது என்று மெக்கானிக் சொன்னார். ஒருவர் ஓய்வதற்குள் அடுத்தவர் கை கொடுத்துவிடுவாராம். அந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புகைக்குழாய் வாயில் உள்ளங்கையைக் காட்டி இரண்டின் மூச்சையும் பார்த்தேன். நாலின் மூச்சைத் தனித்தனியாக எண்ண முடிந்தது, ஆறு எண்ணுவதற்குப் பிடிகொடுக்கவில்லை. இரண்டு முறையும் டம்ளரை ஒரே அளவுக்கு நிரப்பினேனா என்ற சந்தேகம் மட்டும் இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

ஆனால் பெட்ரோல் என்று ஒன்று இருக்கிறதே. பெரியது காலனுக்குப் பதினொரு மைல் கொடுக்கும், சிறியது பதினாறு. போகவர அறுபது மைல் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றேமுக்கால் காலனுக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். பையிலிருந்து என் நோட்டை எடுத்தேன். முந்தைய பருவத்தில் வண்டி போன ஒவ்வொரு நடையும் அதில் இருந்தது. மொத்தம் அறுபத்தொரு நடை, சராசரி பதினேழு மூட்டை, அதிகபட்சம் இருபத்திரண்டு. ஒரு மூட்டை எண்பத்தாறு ராத்தல். இருபது மூட்டை ஆயிரத்து எழுநூற்று இருபது ராத்தல். இந்தப் பாரத்தை நாலு சிலிண்டர் தொண்டூர் ஏரிக்கரை மேட்டில் ஏற்றுமா என்று கேட்டேன். வழியில் வேறு மேடு கிடையாது. களத்துமேட்டிலிருந்து கரைமேல் ஏறும் அந்த நூறு கெஜம்தான்.

"இது மட்டுந்தான்னா ஏத்தும்" என்றார் மெக்கானிக்.

"பெருசே போடு மாமா. இந்த நாலு இழுக்காது" என்றான் மச்சான்.

"எதுனால இழுக்காது? கணக்கு சொல்லு."

"கணக்கு இன்னா கணக்கு. ஓட்றவன் நானு. சொல்றேன் இல்ல."

கணக்கில்லாமல் பேசுகிறவனிடம் எனக்கு எப்போதும் பொறுமை இருந்ததில்லை. பெரிய வண்டிச் சத்தத்தோடு கடைவீதியில் போக ஆசைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். "மட்டுந்தான்னா" என்று மெக்கானிக் சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. நாலு சிலிண்டரே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை வண்டி தயார். அன்றைக்கே இருபது மூட்டை ஏற்றி, நானும் முன்னால் உட்கார்ந்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேட்டைப் பார்த்தேன். இரண்டாவது கியரில் நாற்பத்தொரு வினாடி. திணறல் இல்லை. பத்து மணி பத்து நிமிடத்துக்கு மில்லில் இருந்தோம். மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். "இன்னிக்கு வியாழக்கெழம மாமா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் வெள்ளி. செஞ்சியில் சந்தை.

காலை ஏழரைக்குக் களத்தில் மூட்டை ஏற்றி முடித்தோம். நான் நோட்டில் இருபது என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். வழக்கம்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஊரிலிருந்து சும்மா போகிற வண்டி என்று ஒன்று கிடையாது. போகிற வண்டியில் ஊர் ஏறும். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் மறுக்கவும் மாட்டார்கள். மூட்டைமேல் கூடை, கூடைக்குப் பக்கத்தில் ஆள். ஒரு பெரியவர் கயிற்றோடு ஒரு கிடாவையும் ஏற்றினார்.

மேட்டின் பாதியில் எஞ்சின் நின்றது. வண்டி பின்னால் நழுவியது. இடது பக்கம் ஏரி, தண்ணீர் கரைக்கு இரண்டு முழம் கீழே. மச்சான் பிரேக்கை மிதித்துக்கொண்டு "கல்லு போடு, கல்லு போடு" என்றான். இரண்டு பேர் குதித்துப் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். ஏழடி நழுவியிருந்தது. பிறகு அளந்து பார்த்தேன்.

மறுபடி கிளப்பியும் ஏறவில்லை. எல்லோரையும் இறங்கச் சொன்னான் மச்சான். இறங்கியதும் வண்டி ஒன்றுமே நடக்காதது போல மேலே போய் நின்றது. நான் கரைமேல் நின்று யோசித்தேன். நேற்று இருபது மூட்டை, இன்றும் இருபது மூட்டை. அதே மேடு. எஞ்சின் ஒரு நாளில் இளைத்துவிடுமா?

கூட்டத்தில் பனங்கிழங்கு விற்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். வெள்ளிதோறும் சந்தையில் என் கடைக்கு எதிரில் உட்காருகிறவள். சும்மாட்டை உதறிக்கொண்டே கேட்டாள்: "இன்னா மொதலாளி, இன்னா அப்டி பாக்கற? மூட்டய மட்டுந்தான் எண்ணுவியா, எங்களுக்கெல்லாம் கனமே இல்லியா?"

உண்மை. நான் படிக்கட்டை எண்ணுவேன், கூரையில் ஓடுகளை எண்ணுவேன், சாப்பாட்டில் எத்தனை கவளம் என்றுகூட எண்ணியிருக்கிறேன். ஆனால் ஆளை எண்ணியதே இல்லை. தலையை எண்ணினால் ஒரு தலை குறைந்துவிடும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். பந்தியில் என் மனைவி இலை போடும்போது எண்ணிக்கை சொல்ல மாட்டாள், ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டே போடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன் சென்சஸுக்கு வந்தவர் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டபோது, எல்லோர் பெயரையும் சொல்லி, "நீங்களே கூட்டிக்குங்க" என்றாள். அந்தப் பழக்கம் எனக்குள்ளும் ஊறி, பின்னால் யார் ஏறினாலும் கண்ணைத் திருப்பிக்கொள்கிறவனாகவே இருந்துவிட்டேன். பழைய எஞ்சினும் முனகாமல் இழுத்துவிட்டதால், என்னத்தை இழுக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது எனக்கு எண்ணியே ஆகவேண்டும். விரலை நீட்டி வாயைத் திறந்தேன்.

"த, எண்ணாத மொதலாளி" என்று கிழங்குக்காரி கையைத் தட்டிவிட்டாள். "காலங்காத்தால புள்ளகுட்டிக்காரிங்கள எண்ணிகினு."

விரலை மடக்கிக்கொண்டேன். பிறகு என் பொடி டப்பாவை மடியில் தட்டிக் காலி செய்து நீட்டினேன். "ஆளுக்கு ஒரு மல்லாட்ட இதுல போடுங்க. நான் மல்லாட்டய எண்ணிக்கறேன்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் போட்டார்கள். ஒருவர் போட்டதும் அடுத்தவருக்கு டப்பாவை நீட்டினார்.

"கெடாவுக்கு யாரு போடறது?" என்றார் கிடாக்காரர்.

"கெடாவ எண்ணலாம், தாத்தா. அத எப்டியும் இன்னிக்கு ஒரு தல கொறச்சிடுவாங்க" என்றான் மச்சான்.

டப்பாவில் பதின்மூன்று மல்லாட்டை இருந்தது. ஆளுக்கு நூறு ராத்தல் என்றால் ஆயிரத்து முந்நூறு. கூடைகளுக்கும் கிடாவுக்குமாக இருநூற்றைம்பது. பதினெட்டு மூட்டைக்குச் சமம். மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் நான் இருபது என்று எழுதியது முப்பத்தெட்டு.

மில் கதவுக்குப் போனபோது பதினொன்று இருபத்தைந்து. குமாஸ்தா பன்னிரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு, ரசீதின் பின்பக்கம் "முதல் தாமதம்" என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்து அழகாக இருந்தது, அதுவே எரிச்சலாக இருந்தது.

திரும்பும் வழியில் மச்சானிடம் சொன்னேன், "இனிமே வெள்ளிக்கெழம யாரையும் ஏத்தாத."

அவன் எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டான். பிறகு, "அவங்கள ஏத்தலன்னா மூட்டயும் ஏறாது மாமா" என்றான். "ஏழாவது கடக்காரரு மூட்டைக்கு அர ரூபா கூடவே தரேன்றாரு. களத்துக்காரங்க ஏன் நம்மகிட்ட போடறாங்க? அவரு வண்டி மூடுன வண்டி, ஆள் ஏற முடியாது. மேட்டுல எறக்கி ஏத்தலாம்னா, கூட, கெடா எல்லாம் எறங்கி ஏறதுக்குள்ள பதினொன்னு தாண்டிடும்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா, எத்தன பேருன்னு கேப்ப. எண்ண சொல்லுவ. அக்கா என்ன ஒதைக்கும்."

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் அவித்த பனங்கிழங்கு இருந்தது. மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏங்க, மூணு வருசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீங்க துன்ற கெழங்கு எங்கேந்து வருதுன்னு நெனச்சீங்க? என் தம்பி காசு குடுத்தா வாங்கியாறான்? வண்டில வந்தவங்க குடுத்தது."

எத்தனை கிழங்கு என்று அந்த மூன்று வருஷமும் எண்ணித்தான் தின்றிருக்கிறேன். எங்கிருந்து என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மெக்கானிக் கொட்டகையில் நின்றேன். ஆறு சிலிண்டர் அதே கட்டைமேல், சாக்குப் போட்டு மூடியபடி இருந்தது. யாருக்கும் விற்கவில்லையா என்று கேட்டேன்.

"நீங்க வருவீங்கன்னுதான் வெச்சிருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அன்னிக்கு நோட்டோட வந்தீங்க. நோட்டுல இல்லாதத நான் சொன்னா, நீங்க நம்பவா போறீங்க?"

ஞாயிறும் அமாவாசையும் மில் விடுமுறை; அந்த வாரம் திங்கட்கிழமை அமாவாசை. அமாவாசையன்று ஸ்பானரைத் தொட மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், ஞாயிறு மாலைக்குள் வேலையை முடித்தார். நான் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து போல்ட்டுகளை எண்ணிக் கொடுத்தேன். கழற்றியது நாற்பத்தாறு, மாட்டியது நாற்பத்தைந்து. மீதி ஒன்று எதற்கு என்று கேட்டால், "அது கெடக்கட்டும்" என்றார். அந்த போல்ட் பற்றி எனக்கு இப்போதும் கவலை உண்டு.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை. வெயில் நன்றாக அடித்தது. இருபது மூட்டை ஏறியதும் நான் கீழே நின்று டப்பாவை நீட்டினேன். யாரும் சிரிக்கவில்லை, அதற்குள் வழக்கமாகிவிட்டது. கிழங்குக்காரி தன் கூடைக்கும் சேர்த்து இரண்டு போட்டாள். ஆளுக்கு மட்டும் போட்டால் போதும் என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். பதினைந்து. மேட்டில் வண்டி இரண்டாவது கியரில் ஏறியது, ஒரே சீராக, தண்ணீர் டம்ளரை வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. ஐம்பத்திரண்டு வினாடி. பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: "எழுதிக்க மொதலாளி, நாங்களும் வந்தோம்னு."

பத்து மணி இருபது நிமிடத்துக்கு மில் கதவுக்குள் இருந்தோம். அந்தப் பருவம் முடியும்வரை குமாஸ்தாவுக்கு ரசீதின் பின்பக்கத்தில் எழுத வேலை வரவில்லை. டப்பாவில் சேர்ந்த மல்லாட்டையை வழியிலேயே மச்சானும் நானும் தின்றுவிட்டோம். அதற்குக் கணக்கில்லை.

மற்றதற்கு இருக்கிறது. நாலு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்ததில் நஷ்டம் நூற்றைம்பது. அதை மாட்டிய கூலி எழுபது, அது உட்காருவதற்காகப் பற்றவைத்த தாங்கிகளுக்கு முப்பத்தைந்து. ஆறு சிலிண்டர் தொள்ளாயிரத்து ஐம்பது, மாட்டிய கூலி மறுபடி எழுபது. மில்லில் பிடித்தது பன்னிரண்டு. ஆக மொத்தம் ஆயிரத்து இருநூற்று எண்பத்தேழு ரூபாய்.