சார் மீசையை எடுத்தது

அம்மா தவறிப்போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவரை நினைத்தால் தங்கச்சியின் பள்ளிக்கூடத்துச் சாரும் கூடவே ஞாபகத்துக்கு வருகிறார்.

தங்கச்சிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது முக்கால்வாசி போய்விட்டது. பேச வரும், மற்றவர்கள் பேசுவது எட்டாது. டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். எல்லா வகுப்பும் ஒன்றாகக் கத்தும். நான் எட்டாம் ஆண்டோடு நின்று கொழுந்து பறிக்கப் போனவள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"எனக்குப் பெறகு யாரு பேசுறது இவளுக்குப் புரியும்?" என்பதுதான் அம்மாவின் கவலை.

புதிதாக வந்த சார் முதலில் அவளை முன்வரிசை வாங்கில் உட்காரவைத்தார். பின்னால் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அதைக் கவனித்து வாங்குகளை வளைவாகப் போடச் சொன்னார். யார் பேசினாலும் அவள் பக்கம் முகத்தைக் காட்டித்தான் பேச வேண்டும். கரும்பலகையைப் பார்த்துப் பேசுவதை அவரும் விட்டுவிட்டார். எழுதுவார், திரும்புவார், பிறகுதான் பேசுவார். பனி மூடி மண்டபம் இருண்டால் ஜன்னல் வெளிச்சத்தில் போய் நிற்பார். மெதுவாகப் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் அது வசதியாகப் போனதாம்.

அப்படியும் அவர் சொல்வது மட்டும் அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. வாயை மூடுகிற மாதிரி பெரிய மீசை அவருக்கு. ஒரு நாள் மீசை இல்லாமல் வந்தார்.

எங்கள் ஆட்களில் தகப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். செய்தி பகலுக்குள் நாங்கள் கொழுந்து பறிக்கும் மலைக்கு வந்துவிட்டது. சாயந்தரம் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் அம்மாவும் நானும் இன்னும் சில பெண்களும் கூடையோடு நேராகச் சாரின் குவாட்டர்சுக்குப் போனோம். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு அக்கா கடையில் சீனி வாங்கிக்கொண்டார்.

"தவறுனது அப்பாங்களா சார்?" என்று அம்மாதான் கேட்டார்.

"அப்பா நல்லா இருக்காருங்கம்மா. ஒங்க மகளுக்கு என் வாய் தெரியணும்ல, அதுக்குத்தான் எடுத்தேன்."

"அப்ப இந்தச் சீனியத் திருப்பிக் கொண்டுபோயிறவா சார்?" என்றார் அந்த அக்கா.

எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு தங்கச்சி வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகினாள். எங்கள் லயத்து வீடுகளில் யார் யாரைப் பற்றிப் புரளி பேசினாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அம்மா படுத்த படுக்கையானபோது குரல் போய்விட்டது. உதடு மட்டும் அசையும். தாகம் என்று நினைத்து நான் தண்ணீரை ஊட்டிக்கொண்டே இருந்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கச்சி என்னைத் தள்ளிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"தண்ணி கேக்கலக்கா. காலு குளிருதாம். கம்பளி போடச் சொல்றாங்க."

போர்த்திவிட்டோம். உயிர் போகும்வரை அம்மா சொன்னதையெல்லாம் அவள்தான் எங்களுக்குச் சொன்னாள்.

காரியத்துக்கு வந்த சாரிடம் இதைத்தான் சொன்னேன். நன்றி என்று தனியாகச் சொல்லத் தோன்றவில்லை.