மேசைக்கடியில் சொன்ன ஸ்கோர்

மஹய்யாவ ஜெயராஜ் போன மாதம் இறந்தபோது, கண்டியில் பலருக்குத் தங்கள் வீட்டு ஆளே போய்விட்ட மாதிரி இருந்தது. முப்பது வருடம் வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை சொன்னவர். அஸ்கிரிய மைதானத்தில் ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போதே, "ஹந்தானை மலைப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது, காயப்போட்ட உடுப்ப எடுத்துருங்கம்மா" என்பார். மஹய்யாவப் பெண்கள் கொடியை நோக்கி ஓடுவார்கள். மழையும் சொன்னபடி வரும்.

அவர் பக்கத்துக் கதிரையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து ஸ்கோர் எழுதியவர் கம்பளை இப்ஹாம். மரணச் செய்தி கேட்டு அழுது முடித்த பிறகு அவரைப் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஜெயராஜின் பார்வை மங்கிவிட்டது. மைதானம் பச்சையாகத் தெரியும், பந்து தெரியாது. "இந்த ஒரு சீசனுக்கு மட்டும் ஒத்தாசை பண்ணுங்க நானா" என்று, அண்ணன் முறை சொல்லி, இப்ஹாமிடம் கேட்டார். மேசைக்கடியில் ஜெயராஜின் மணிக்கட்டில் இப்ஹாம் ஒரு தட்டு தட்டினால் ஓர் ஓட்டம். நான்கு தட்டு என்றால் பவுண்டரி. இறுக்கிப் பிடித்தால் ஆட்டமிழப்பு. பந்து போன திசையை இப்ஹாம் அவருடைய உள்ளங்கையில் கோடாக இழுத்துக் காட்டுவார். மட்டையின் சத்தத்தையும் கூட்டத்தின் இரைச்சலையும் வைத்து மிச்சத்தை ஜெயராஜ் சொல்லிவிடுவார். ஒரு சீசன் என்றது நான்கு சீசன் ஓடியது. யாருக்கும் தெரியாது என்றே இப்ஹாம் நம்பியிருந்தார்.

இப்போது வானொலி நிலையத்திலிருந்து அழைப்பு. அஞ்சலி நிகழ்ச்சியில் ஜெயராஜின் கடைசி வருடங்களைப் பற்றி அவர் பேச வேண்டுமாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கண் தெரியாத ஆள் நாட்டை ஏமாற்றினார் என்று பேசுவார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறி மஹய்யாவவுக்குப் போனார்.

ஜெயராஜின் மனைவி ஜெயராணி கதவைத் திறந்தார்.

"வாங்க நானா, ஒக்காருங்க. என்ன இப்படி வேர்த்திருக்கு?"

"தங்கச்சி, ஒரு விஷயம் செல்லோணும். கோவிச்சுக்காதீங்க."

தட்டு, கோடு, இறுக்கிப் பிடித்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஜெயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இது நெலையத்துக்கே தெரியுமே நானா! மொத மேட்சுக்கு முன்னாடியே இவரு நெலையத்துப் பெரியவர்கிட்ட போய் சொல்லிட்டாரு. நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். 'இப்ஹாம் பாக்கட்டும், நீங்க பேசுங்க. பிழை வந்தா அன்னைக்கு நிறுத்திக்குவோம்'னு சொல்லிட்டாங்க."

"அப்ப எனக்கிட்ட ஏன் ஒருத்தரும் செல்லல்ல?"

"இவருதான் வேணாம்னாரு. பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்க தூங்கி விழுவீங்களாமே. ரகசியம்னு நெனச்சாத்தான் முழிச்சிருப்பீங்கன்னாரு."

இப்ஹாமுக்குக் கோபம் வந்தது. நான்கு வருடம் ஒவ்வொரு மேட்சிலும் பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்து உட்கார்ந்திருந்தாரே! ஆனால் கோபம் நிலைக்கவில்லை. "படுபாவி" என்றார், சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் நிறைந்துவிட்டது. ஜெயராணி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினார்.

அடுத்த வாரம் ஒலிப்பதிவு. நிலையத்தின் பெரியவரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இப்ஹாம் எதையும் மறைக்கவில்லை. ஒரு நாள் தன்னை அறியாமல் நான்கு முறை அடுக்கித் தும்மியதையும், கை தானாக நான்கு தட்டு தட்டிவிட்டதையும் சொன்னார்.

"ஜெயராஜ் 'நான்கு ஓட்டங்கள்!'னு கத்திட்டாரு. மைதானத்தில சத்தமே இல்ல. உடனே விளங்கிட்டு அவருக்கு. 'நான்கு ஓட்டங்கள் போயிருக்க வேண்டிய பந்து நேயர்களே, மட்டையிலேயே படவில்லை'ன்னாரு. நடுவில மூச்சுகூட விடல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதவு திறந்திருந்ததால் அந்தச் சிரிப்பும் ஒலிப்பதிவில் விழுந்துவிட்டது. வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.