பழைய பெயரில் புதிய நேரம்

அன்னவாசலில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். சின்னச் சின்ன மெஷின்களுக்கு புரோகிராம் எழுத உதவும் ஒரு மொழியை நாங்கள் உருவாக்கி விற்கிறோம். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பாலை அளந்து பதியும் மெஷினுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது.

அந்த மொழியில், கேட்டால் மணி சொல்லும் கட்டளை, அதாவது ஒரு ஃபங்ஷன், உண்டு. ஆரம்பத்தில் எழுதியவர்கள் அது இந்திய நேரத்தைச் சொல்லும்படி வைத்துவிட்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்ததும் அது இடித்தது. உலகப் பொது நேரம் வேண்டும் என்றார்கள். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். மாற்றி அமைக்கும் வேலை என்னிடம் வந்தது.

பழைய ஃபங்ஷனைத் தொடக் கூடாது, புதிய நேரத்துக்குப் புதிய பெயர் வைப்போம், வேண்டியவர்கள் மெல்ல மாறட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் டீம் லீடருக்குப் பிடிக்கவில்லை. மணி கேட்க இரண்டு ஃபங்ஷன் இருந்தால் அசிங்கமாக இருக்குமாம். பழையதையே திருத்துவோம், புதிய பதிப்போடு வாடிக்கையாளர்களுக்குப் போகும் குறிப்பில் ஒரு வரி போட்டால் போதும் என்றார். மூன்று மீட்டிங்கில் சண்டை போட்டேன். நான்காவதில் சம்மதம் கொடுத்துவிட்டேன்.

புதிய பதிப்பு வெளியாகி மெஷின்களுக்குப் போய்ச் சேரத் தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், ஊருக்கு வெளியே இரண்டு மாடு வைத்திருக்கும் அக்கா ஒருவர் தூக்குவாளியோடு என் வாசலில் நின்றார். பால் வேண்டுமா என்று கேட்டார். சொசைட்டியில் ஊற்றவில்லையா என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நேத்துப் பாலைக் கலந்து ஊத்துறேனாம். எல்லாரும் நிக்கையில சொல்றாரும்மா அந்த செக்ரட்டரி."

எங்கள் சொசைட்டியில் காலையில் நிறைவது ஒரே கேன். இரண்டு நாளாக அதைக் குளிரூட்டும் நிலையத்தில் பழைய பால் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். முதலில் வந்து ஊற்றுகிறவர் இந்த அக்கா என்பதால் பழியை அவர்மேல் போட்டு, இனி வராதே என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை மணிக்கு ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். ஆறு மணி என்றார்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆறில் ஐந்தரையைக் கழித்தால் நள்ளிரவு பன்னிரண்டரை. நிலையத்துக் கம்ப்யூட்டரின் மணி சரியாகத்தான் இருந்தது. சொசைட்டி மெஷின் அனுப்பிய மணியை வைத்துப் பார்த்து, காலையில் கறந்த பாலை அது பழையது என்று ஒதுக்கியிருக்கிறது.

லீடருக்கு போன் போட்டேன். குறிப்பில் தெளிவாகப் போட்டிருக்கிறோமே, அவர்கள் படித்திருக்க வேண்டும் என்றார்.

"மாடு கறக்குற அம்மாவா சார் படிக்கணும்?" என்றேன். அவர் வாடிக்கையாளர் எண்ணிக்கையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். நான் போனை வைத்துவிட்டு, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நானே எச்சரிக்கை மெயில் அனுப்பினேன். அப்படியே சொசைட்டிக்குப் போனேன். அந்த அக்காவின் ஒரு சொட்டுப் பால்கூட இல்லாத அன்றைய கேனும் திரும்பி வந்து கிடந்தது. அதற்குப் பிறகும் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தப்பு மெஷினுக்குள் நாங்கள் மாற்றிய மணியில்தான் என்று அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்படின்னா சரி பண்ணிருங்க. நாளையிலேர்ந்து அந்தப் பொம்பளைய வரச் சொல்லுங்க" என்றார் செக்ரட்டரி. அவ்வளவுதான். சொன்ன வார்த்தைக்கு ஒரு வருத்தம்கூட இல்லை.

சரி செய்ய ஒரு வாரம் ஆனது; அதுவரை சொசைட்டியில் மணியைக் கையால் எழுதி அனுப்பினார்கள். அதற்குள் சிலர் புதிய நேரத்தை நம்பி புரோகிராம் எழுதியிருந்தார்கள். மாற்றத்தை அப்படியே திரும்பப் பெற்றால் அவர்களுடைய புரோகிராம் கெட்டுவிடும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசி, அவர்களைப் புதிய பெயருக்கு மாற்றிவிட்ட பிறகே பழைய பெயருக்குப் பழைய நேரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான் முதலில் எழுதிக் கொடுத்த அதே திட்டம்தான். லீடர் அதை மீட்டிங்கில் தன் யோசனை போலப் படித்துக் காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அக்கா மறுபடி சொசைட்டிக்குப் போகவில்லை. டீக்கடைக்கு ஊற்றுகிறார். நடந்ததை முழுசாக அவரிடம் சொன்னேன், நான் சண்டை போட்டதையும் சேர்த்து.

"வேணாம்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏம்மா சரின்னே?"

சலித்துப்போச்சு என்றேன். அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.