மணல் மனிதர்களை உண்டாக்கும் வேலை

கணினி விளையாட்டுகளுக்காக இல்லாத ஊர்களை எழுதித் தருவது என் தொழில்; சொன்னால், "அப்புறம், நிஜமா என்ன வேலை?" என்று கேட்பார்கள். இல்லாததை எழுதி வயிறு வளர்க்கிறவர்களுக்கு இந்த அவதி புரியும். எங்கள் அலுவலகம் அடையாறில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில். இந்த வருடம் என் தலையில் ஒரு பாலைவனத்தைக் கட்டினார்கள்: அங்குள்ள மக்கள், விலங்குகள், அவர்கள் பிழைக்கும் விதம்.

பல்லி

பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு பல்லியை உண்டாக்கினேன். முதுகில் படியும் பனியைத் தோலின் வரிகள் வழியாகவே வாய்க்கு இறக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் அந்த மக்கள் துணி விரித்துப் பனி பிடிக்கக் கற்றார்கள். மூன்று பக்கம். டீம் லீட் விக்னேஷ் நின்றபடியே படித்தார்.

"நல்லாருக்கு. எத்தனை அடி அடிச்சா சாகும்?"

தண்ணீர் முறை

அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் கஸ்தூரிக்கு என் வயதுதான். ஆற்றோரத்தில் வீடு. சுவரில் அதிகாரிகள் சிவப்பு எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தங்கை பத்தாவது. அவள் பரீட்சை முடியும்வரை வீடு நின்றால் போதும், வேறொன்றும் கேட்கவில்லை என்பாள்.

என்ன எழுதுகிறேன் என்று ஒருநாள் கேட்டாள். படித்துக் காட்டினேன்: தண்ணீர் முதலில் குழந்தைகளுக்கு, பிறகு வயதானவர்களுக்கு, கடைசியில் தலைவனுக்கு. துடைப்பத்தைச் சாய்த்துவைத்துக் கேட்டாள்.

"அல்லாருக்கும் குட்த்துட்டீங்க மேடம். தூக்கினு வர்றது ஆரு?"

மனு

எழுதுகிறவள் என்பதால் மனுவும் என்னிடம் வந்தது. பரீட்சை முடியும்வரை அவகாசம் கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அதிகாரியிடம் நானே பேசுவதாகவும் ஒப்புக்கொண்டேன். எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று தெரியவில்லை. அவர் அலுவலகத்தில், அவர் நிமிர்ந்து பார்த்ததும் எனக்கு வாய் எழவில்லை. கஸ்தூரி அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"தமிழ் நல்லா எழுதுறீங்கம்மா. ஆனா லாரிக்குச் சொல்லியாச்சு."

லாரி

இரண்டு பரீட்சை பாக்கி இருக்கும்போது, ஊருக்கு வெளியே ஒதுக்கிய வீட்டுக்குக் கொண்டுபோக லாரி வந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பாத்திரம், பாய் எல்லாம் தெருவில் கிடக்க, அக்காவும் தங்கையும் முதலில் வாசற்கதவைக் கழற்றி ஏற்றினார்கள். சும்மா நிற்கிறோமே என்று, "புது வீட்டில் கதவு இருக்குமே" என்றேன்.

"அது அவங்க கதவு மேடம். இது நான் போட்டது."

இரண்டு பஸ்

புது வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அறிவியல் பரீட்சையன்று முதல் பஸ்ஸே வரவில்லை. தங்கை போய்ச் சேர்ந்தபோது கேட்டைச் சாத்திவிட்டிருந்தார்கள். கடைசிப் பரீட்சையை மட்டும் எழுதினாள்.

அவ்வளவு தூரத்திலிருந்து வரமுடியாது என்று கஸ்தூரி வேலையை விட்டாள். சொல்லிக்கொள்ள வந்த அன்று, அந்த அலுவலகத்தில் பேசாமல் நின்றதற்கு மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். அதிலும் பாதிதான் வெளியே வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீங்க பேசியிருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்? ஆனா பேசியிருக்கலாம்."

பாலைவன மக்கள் ஆபத்தில் என்ன பேசுவார்கள் என்பதையும் இப்போது என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.